கறவை மாடும் கணக்குப்பிள்ளையும்

1979-ம் வருடம், செப்டம்பர் மாதம். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில், தேம்ஸ் நதிக்கரையில் அபிங்டன் என்றொரு சின்ன ஊர். அந்த ஊருக்கே திருவிழா. காரணம், ஒரு கார் தொழிற்சாலை. எம்.ஜி. கார் கம்பெனி அந்த ஊருக்குக் குடிவந்து சரியாக ஐம்பது வருடம். பொன்விழா. ஊர்வலம் என்ன, பழைய கார்களின் அணிவகுப்பு என்ன, ஒரே அமர்க்களம்!

விழா முடிந்தது. செப்டம்பர் 10, திங்கட்கிழமை. முதலாளிக் கம்பெனியிடமிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. அபிங்டனில் இனி எம்.ஜி. கார் தயாரிக்கப்போவதில்லை. சுமார் 1,100 பேருக்கு வேலை கிடையாது.

கல்யாணப் பந்தலைப் பிரிப்பதற்குள் இழவுச் சேதி. இப்படி ஒரு நல்ல நேரம் பார்த்து யாராவது கடையை மூடுவார்களா? மூடினார்கள்.

இத்தனைக்கும் வேலைநிறுத்தம், கொடிபிடித்தல், கோஷம் என்று இங்கிலாந்து கார் தொழிலே நாறிக்கொண்டிருந்த காலத்தில், பெரிய சண்டை சச்சரவு இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த தொழிற்சாலை அது. செய்த காரும் விற்காத கார் இல்லை. அப்போதும் வருடத்துக்கு இருபதாயிரத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஏன் மூடினார்கள்?

அதைத் தெரிந்துகொள்ள அந்தக் காரைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பெயர், எம்.ஜி.பி.

*

எம்.ஜி. என்று ஆரம்பித்தால் நமக்கு மூன்றாவது எழுத்து தானாக வாயில் வந்து விழுந்துவிடும். இது அவர் இல்லை. மாரிஸ் கராஜஸ் என்ற கடையின் முதலெழுத்துகள். வில்லியம் மாரிஸ் என்ற ஆக்ஸ்ஃபோர்டுக்காரர் சைக்கிள் ரிப்பேரில் தொடங்கிப் பெரிய கார் முதலாளி ஆனவர். அவருடைய விற்பனைக் கடைக்கு 1922-ல் மேனேஜராக வந்தவர் செசில் கிம்பர். கிம்பருக்கு ஒரு யோசனை. முதலாளி செய்கிற சாதுவான குடும்பக் காரையே எடுத்து, மேலே அழகான உடம்பு மாட்டி, எஞ்சினைக் கொஞ்சம் முடுக்கிவிட்டு, ஸ்போர்ட்ஸ் கார் என்று விற்றால் என்ன?

விற்றார். பிய்த்துக்கொண்டு போனது. எட்டுப் பட்டைச் சின்னம் பிரபலமானது. 1929-ல் அபிங்டனில் தனித் தொழிற்சாலையே வந்துவிட்டது.

எம்.ஜி.யின் ஜாதகம் மொத்தமும் கிம்பரின் இந்த யோசனையில் இருக்கிறது. பந்தயக் கார் கம்பெனிகள் எல்லாவற்றையும் புதிதாகச் செய்யும். விலை யானை விலை. எம்.ஜி. அப்படி இல்லை. ஊரில் ஓடும் சாதாரணக் காரின் உதிரி பாகம்தான் உள்ளே. அதனால் விலை குறைவு. ரிப்பேர் சுலபம். குமாஸ்தாவும் பள்ளிக்கூட வாத்தியாரும் கொஞ்சம் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டினால் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாம்.

கிம்பரின் முடிவு சோகமானது. யுத்த காலத்தில் மேலிடத்தைக் கேட்காமல் விமான வேலை ஒன்றை ஒப்புக்கொண்டார் என்று 1941-ல் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். 1945 பிப்ரவரியில் லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் நடந்த ரயில் விபத்தில் இரண்டு பேர் செத்தார்கள். அதில் ஒருவர் கிம்பர்.

யுத்தம் முடிந்தபோது பிரிட்டன் திவாலாகும் நிலை. ஏற்றுமதி செய்கிற கம்பெனிக்குத்தான் இரும்பு என்றது அரசாங்கம். இங்கிலாந்தில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் இந்தக் குட்டிக் கார்களை ஓட்டிப் பார்த்து மயங்கிப்போனார்கள். 1945-ல் வந்த எம்.ஜி. டி.சி. என்ற மாடலில் ஸ்டீயரிங் வலதுபக்கம் மட்டும்தான். அமெரிக்காவுக்கு அது தப்பான பக்கம். இருந்தும் வாங்கினார்கள். அன்று பிடித்த பைத்தியம், அடுத்த முப்பத்தைந்து வருடம் அபிங்டனுக்குச் சோறு போட்டது.

*

1962-ல் வந்தது எம்.ஜி.பி. இரண்டே இரண்டு சீட். மேலே மடக்கு டாப். சிட் எனவர் தலைமையில் டான் ஹேட்டர் வரைந்த உடம்பு. இன்று பார்த்தாலும் கண்ணை உறுத்தாத அழகு. முந்தைய மாடலில் தனியாக ஒரு இரும்புச் சட்டம் இருக்கும், அதன்மேல் உடம்பை உட்காரவைப்பார்கள். இதில் உடம்பேதான் சட்டம். அதனால் வண்டி குட்டை, உள்ளே இடம் தாராளம். கதவில் ஏற்றி இறக்குகிற கண்ணாடி இருந்தது. சிரிக்காதீர்கள். அதற்கு முன் அந்த வசதிகூடக் கிடையாது.

அடிப்படை விலை 690 பவுன். வரி எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 950. அந்த விலைக்கு மணிக்கு நூறு மைலைத் தொடுகிற வண்டி.

எப்படிக் கட்டுப்படியானது? கிம்பரின் பழைய ஃபார்முலாதான். எஞ்சின், 1947-ல் ஆஸ்டின் ஏ40 என்ற குடும்பக் காருக்காகப் பிறந்த எஞ்சினின் வழிவந்த பி-சீரிஸ் எஞ்சின். அதையே 1,798 சி.சி.க்கு ஊதிப் பெரிதாக்கி, இரண்டு கார்புரேட்டர் மாட்டி, 95 குதிரைசக்தி கறந்தார்கள்.

இந்த எஞ்சின் நமக்கும் சொந்தம். அதே பி-சீரிஸ் வம்சத்தில் 1,489 சி.சி. தம்பி ஒருத்தன்தான் நம்ம ஊர் அம்பாஸடருக்குள் உட்கார்ந்திருந்தான். மந்திரியைச் சுமந்ததும், சென்ட்ரல் வாசலில் டாக்ஸியாக நின்றதும், கலிஃபோர்னியா கடற்கரையில் காதலியோடு பறந்ததும் ஒரே குடும்பம். ஒருத்தன் சர்க்கார் உத்தியோகம், ஒருத்தன் சினிமா ஹீரோ.

ஆகவே எம்.ஜி.பி.யின் நல்லது கெட்டது நமக்குச் சுலபமாகப் புரியும். அம்பாஸடர் வைத்திருந்தவர்களைக் கேளுங்கள். எந்த மெக்கானிக்கும் பார்ப்பான், ஒரு ஸ்பேனரும் சுத்தியலும் போதும், பார்ட்ஸ் எங்கேயும் கிடைக்கும் என்பார்கள். எம்.ஜி.பி.க்கும் அதே கதைதான். பானெட்டைத் திறந்தால் ஒவ்வொரு பொருளும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். பெரும் வேகம் இல்லை. ஆனால், தரையோடு ஒட்டி உட்கார்ந்து, தலைக்கு மேல் வானம் இருக்க, ஐம்பது மைலில் போனாலே நூறில் போகிற சந்தோஷம். ஸ்போர்ட்ஸ் காரில் ஜனங்கள் காசு கொடுத்து வாங்குவது வேகத்தையா, சந்தோஷத்தையா? எம்.ஜி.க்குப் பதில் தெரிந்திருந்தது.

சரி, கெட்டது?

அதற்கும் குறைவில்லை. பின்பக்கம் லாரிக்கு மாட்டுகிற மாதிரி கமான் பட்டை. மேடுபள்ளத்தில் முதுகு பேசும். முதல் கியர் போட வண்டி நின்றாக வேண்டும், இல்லையென்றால் பல் நறநறக்கும். இதைச் சரிசெய்ய 1967 ஆனது. பேட்டரி ஒன்றல்ல, ஆறு வோல்ட்டில் இரண்டு, சீட்டுக்குப் பின்னால் தரைக்கடியில் ஒளித்துவைத்திருப்பார்கள். மழை வந்தால் டாப் போடுவது கூடாரம் அடிப்பதற்குச் சமம். போட்ட பிறகும் ஒழுகும். இங்கிலாந்துக் குளிருக்கு ஹீட்டர் வேண்டுமா? அதற்குத் தனிக் காசு.

மின்சார சமாச்சாரம் எல்லாம் லூகாஸ் கம்பெனி. சென்னைக்காரர்களுக்குப் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். ஆகத் தெரியுமே, அந்தப் பெயரின் பிரிட்டிஷ் மூலவர். அமெரிக்கர்கள் அவருக்கு 'இருட்டின் இளவரசர்' என்று பட்டப்பெயர் வைத்துக் கிண்டலடித்தார்கள். விளக்கு எப்போது அணையும் என்று தெரியாதாம். நியாயமாகப் பார்த்தால் பாதிக் குற்றம் இளவரசர் மேல் இல்லை. எர்த் கம்பி துருப்பிடித்தால் எந்த விளக்குதான் எரியும்?

துரு! அதுதான் உண்மையான எமன். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடுதான் இந்த வண்டிக்கு முதுகெலும்பு. உடம்பே சட்டம் என்று சொன்னேன் அல்லவா? அந்தத் தகடு உள்ளுக்குள் அரித்துப்போனால், வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே எலும்பு இருக்காது. பழைய எம்.ஜி.பி. வாங்கப்போகிறவன் எஞ்சின் சத்தத்தைக் கேட்க மாட்டான். குனிந்து அந்தத் தகட்டைத்தான் தட்டிப் பார்ப்பான்.

*

இதெல்லாம் 1962-ல் பெரிய குறைகள் இல்லை. அன்றைக்கு எல்லாக் காரும் அப்படித்தான். பிரச்னை என்னவென்றால், 1972-லும் அதே கார். 1979-லும் அதே கார்.

புதுசு செய்ய ஆளில்லையா? இருந்தார்கள். அறுபதுகளிலேயே இ.எக்ஸ்.234 என்று ஒரு வாரிசைச் செய்து ஓட்டியும் பார்த்தார்கள். கிடப்பில் போட்டார்கள். எஞ்சினை நடுவில் வைத்து ஏ.டி.ஓ.21 என்று இன்னொன்று வரைந்தார்கள். 1970-ல் அதுவும் குப்பைக்கூடை.

காரணம், குடும்ப அரசியல். 1968-ல் கம்பெனிகள் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்து பிரிட்டிஷ் லேலண்ட் என்ற பூதம் உருவானது. அதில் எம்.ஜி.யின் ஜென்ம எதிரியான டிரையம்ஃபும் இருந்தது. தலைமை நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் லேலண்ட் - டிரையம்ஃப் பக்கத்து ஆட்கள். எம்.ஜி. மூத்தாள் பிள்ளை ஆனது. புது ஸ்போர்ட்ஸ் காருக்கான பணம் முழுக்க டிரையம்ஃப் டி.ஆர்.7 என்ற வண்டிக்குப் போனது.

இன்னொரு பக்கம் அமெரிக்கச் சட்டம். கார் விபத்துச் சாவுகளைக் குறைக்க 1966-ல் அங்கே பாதுகாப்புச் சட்டம் வந்தது. நல்ல சட்டம், சந்தேகமில்லை. அடுத்தடுத்துப் புகைக் கட்டுப்பாடு. பிறகு, மெதுவாக மோதினால் பம்பர் அடிவாங்கித் தாங்க வேண்டும், அதுவும் குறிப்பிட்ட உயரத்தில் இருக்க வேண்டும் என்ற விதி. புது மாடல் வரைகிற கம்பெனி இதையெல்லாம் உள்ளே வைத்தே வரையும். எம்.ஜி.க்குத்தான் புது மாடலுக்குக் காசில்லையே? ஆகவே, 1974-ல் பழைய உடம்பின் முன்னும் பின்னும் பெரிய கறுப்பு ரப்பர் மூக்கை ஒட்டினார்கள். உயரம் போதவில்லையா, மொத்த வண்டியையும் ஒன்றரை அங்குலம் தூக்கிவிடு!

தரையோடு ஒட்டி ஓடுவதுதான் அந்தக் காரின் உயிர். அதைத் தூக்கி நிறுத்தினால் என்னவாகும்? வளைவில் சாய்ந்தது. புகைச் சட்டத்துக்காக அமெரிக்க வண்டியில் இரண்டு கார்புரேட்டரில் ஒன்றைப் பிடுங்கினார்கள். 95 என்றிருந்த குதிரைசக்தி அறுபத்துச் சொச்சத்துக்கு வந்தது. அளக்கும் முறை மாறியதும் அதில் ஒரு பங்கு. ஆனாலும் வண்டிக்கு மூச்சு வாங்கியது நிஜம்.

அப்படியும் விற்றதே, அதுதான் ஆச்சரியம். திறந்த கூரைக் கார்களையே அமெரிக்கா தடை செய்யப்போகிறது என்று பயந்து ஒவ்வொரு கம்பெனியாக அவற்றை நிறுத்திக்கொண்டிருந்தது. டி.ஆர்.7-ஐயே மூடிய கூரையோடுதான் 1975-ல் இறக்கினார்கள். தடை வரவில்லை. குறைந்த விலையில் வானம் பார்த்துப் போக வேண்டுமென்றால் கிழட்டு எம்.ஜி.பி.தான் கதி.

*

இப்போது கணக்குக்கு வருவோம். கதையின் வில்லன் அங்கேதான் இருக்கிறான்.

பி.காம். முதல் வருடத்திலேயே தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. பத்து லட்சத்துக்கு மெஷின் வாங்கினால் அந்தச் செலவை வருடா வருடம் கொஞ்சமாகக் கழிப்பார்கள். ஒருநாள் புத்தகத்தில் அதன் மதிப்பு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆனால் மெஷின் ஓடும். இனி அது சம்பாதிப்பதெல்லாம் லாபம் மாதிரியே தெரியும்.

எம்.ஜி.பி.யின் கதை அதுதான். அச்சு, தளவாடம் எல்லாம் 1962 காலத்துச் செலவு. அதனால்தான் மலிவாக விற்க முடிந்தது. கார் வயதானதுதான் அதன் மலிவுக்குக் காரணம். அதே வயதுதான் அதன் நோய்க்கும் காரணம். தீனி போடாமலே கறக்கும் மாடு என்று முதலாளி நினைத்துக்கொண்டார். கறந்த பாலை வேறு தொழுவத்து மாட்டுக்கு ஊற்றினார்.

மாடு எத்தனை நாள் தாங்கும்? இப்படிப்பட்ட சரக்கு ஏதாவது ஒரு அதிர்ச்சி வரும்வரைதான் நிற்கும். அதிர்ச்சி, நாணய மாற்று ரூபத்தில் வந்தது.

1976-ல் ஒரு பவுன் சுமார் 1.60 டாலர் வரை விழுந்தது. பிறகு வடகடலில் எண்ணெய் பெருகியது. 1979 மே மாதம் மார்கரெட் தாட்சர் வந்தார், வட்டி விகிதம் ஏறியது. பவுன் 2.20 டாலரைத் தாண்டியது. ஒரு கார் கம்பெனிக்கு 5,000 டாலர் கொண்டுவருகிறது என்று சும்மா ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1.60 என்றால் கைக்கு வருவது 3,125 பவுன். 2.20 என்றால் 2,273 பவுன். காரில் ஒரு ஸ்குரூகூட மாறவில்லை. தொழிலாளி ஒரு நிமிடம்கூடச் சோம்பவில்லை. 850 பவுன் ஆவியாகிவிட்டது!

அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு எம்.ஜி.பி.க்கும் எங்களுக்கு 900 பவுன் நஷ்டம் என்றது பிரிட்டிஷ் லேலண்ட். 1975-லேயே அரசாங்கம் எடுத்துக்கொண்ட கம்பெனி அது. 1977-ல் சேர்மனாக வந்த மைக்கேல் எட்வர்ட்ஸ் கத்தியும் கையுமாக வந்தவர். வெட்டு என்றார்.

அந்த 900-ஐ அன்றைக்கே பலர் நம்பவில்லை. பூதாகாரமான தலைமை அலுவலகத்தின் பொதுச் செலவில் எத்தனை பங்கை இந்தச் சின்னத் தொழிற்சாலையின் தலையில் எழுதினார்கள்? அதைப் பொறுத்து நஷ்டம் 900 ஆகவும் இருக்கலாம், 400 ஆகவும் இருக்கலாம். கணக்குப்பிள்ளையின் பேனாவுக்கு அந்த சக்தி உண்டு. ஆனால் அவரை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. ஒரு புதுக் கார் இருந்திருந்தால் விலையைக் கூட்டிச் சமாளித்திருக்கலாம். பதினேழு வயதுக் காருக்கு எந்த முகத்தோடு விலையைக் கூட்டுவது?

எம்.ஜி. சொந்தக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. நூற்றுக்கணக்கான கார்களோடு லண்டனுக்குள் ஊர்வலம் வந்து மனுக் கொடுத்தார்கள். ஆஸ்டன் மார்ட்டினின் ஆலன் கர்டிஸ் ஒரு கூட்டணி சேர்த்து, தொழிற்சாலையை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம் என்று வந்தார். பணம் புரளவில்லை. 1980 ஜூலையில் அதுவும் முறிந்தது. அக்டோபரில் கடைசி எம்.ஜி.பி. வெளியே வந்தது, கேட் மூடப்பட்டது. பதினெட்டு வருடத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல். பாதிக்கும் அதிகம் அமெரிக்காவுக்கு.

பால் ஊற்றி வளர்த்த டி.ஆர்.7? வேலைநிறுத்தம், தரக்குறைவு, தொழிற்சாலை மாற்றி தொழிற்சாலை என்று அலைந்து, மறுவருடமே, 1981-ல், அதுவும் போய்ச் சேர்ந்தது.

*

கதை இங்கே முடிந்திருந்தால் பிரிட்டிஷ்காரர்களுக்கு வெறும் சோகம். முடியவில்லை. அவமானமும் பாக்கி இருந்தது.

அபிங்டனுக்கு மூடுவிழா அறிவித்த அதே 1979-ல், அமெரிக்கப் பத்திரிகையாளர் பாப் ஹால், ஜப்பானில் மஸ்தா கம்பெனியின் கெனிச்சி யமமோட்டோவைச் சந்தித்தார். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார் மாதிரி, எளிமையான, மலிவான, திறந்த இரண்டு சீட்டு வண்டியை நீங்கள் ஏன் செய்யக்கூடாது என்று கேட்டார். யமமோட்டோ அதை மறக்கவில்லை.

1989 பிப்ரவரி, சிகாகோ கார் கண்காட்சி. மஸ்தா எம்.எக்ஸ்.5, அமெரிக்கப் பெயர் மியாட்டா, திரை விலகியது. சைலன்ஸர் சத்தம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குக்கூடத் தனியாக மெனக்கெட்டிருந்தார்கள். எம்.ஜி.பி.யின் நல்லது அத்தனையும் இருந்தது. காலையில் சாவி போட்டால் ஸ்டார்ட் ஆனது. மழை பெய்தால் ஒழுகவில்லை. வேறென்ன வேண்டும்? உலகில் அதிகம் விற்ற இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் என்ற பெருமையை 2000-ல் கின்னஸ் மஸ்தாவுக்குக் கொடுத்தது. 2016-ல் பத்து லட்சத்தைத் தாண்டினார்கள்.

மஸ்தா செய்த மந்திரம் ஒன்றுமில்லை. கறந்தார்கள், தீனியும் போட்டார்கள். மலிவான கார்தானே என்று விட்டுவிடாமல் நான்கு தலைமுறை புதிதாகச் செய்தார்கள்.

ஆனாலும் கிழட்டு எம்.ஜி.பி. சாகவில்லை. முதலாளி கைவிட்டதைச் சொந்தக்காரன் கைவிடவில்லை. எளிய எஞ்சின், லட்சக்கணக்கில் செய்த பார்ட்ஸ், என்ன நோய் எங்கே வரும் என்று ஊருக்கே தெரிந்த உடம்பு. வயதின் லாபம் இது. பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்து 1988-ல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் புத்தம் புதிய எம்.ஜி.பி. உடம்பையே தயாரித்து விற்க ஆரம்பித்தது. துருப்பிடித்தவன் உடம்பை மாற்றிக்கொள்ளலாம்! அந்த உடம்பில் வி8 எஞ்சின் வைத்து 1992-ல் ஆர்.வி.8 என்று ஒரு காரை ரோவர் கம்பெனி அறிமுகப்படுத்தியது. சுமார் 2,000 வண்டிகள்தான். அதில் பெரும்பகுதியை வாங்கியது யார் தெரியுமா? ஜப்பான்காரர்கள்.

எட்டுப் பட்டைச் சின்னம் மட்டும் கை மாறிக்கொண்டே போனது. ரோவர், பி.எம்.டபிள்யூ., 2005-ல் திவால், பிறகு சீனாவின் நான்ஜிங், அடுத்து ஷாங்காயின் சாய்க். 2019-ல் ஹெக்டர் என்ற பெயரில் நம் சாலைக்கும் வந்தது. 2025-ல் சைபர்ஸ்டர் என்ற மின்சார இரண்டு சீட்டுக் காரையும் இந்தியாவில் இறக்கினார்கள். அழகான வண்டி. விலை முக்கால் கோடியை ஒட்டி. கிம்பரின் குமாஸ்தாவும் வாத்தியாரும் ஷோரூம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம்.

சொந்தக்காரத் தம்பியின் கதியும் வேறில்லை. 2014 மே மாதம், கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் அம்பாஸடர் தொழிற்சாலை நின்றது. ஐம்பது வருடத்துக்கு மேல் கறந்தார்கள். அங்கேயும் தீனிக்குக் காசில்லை. 2017-ல் அம்பாஸடர் என்ற பெயரை மட்டும் பிரான்ஸின் பெஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. இரண்டு ஊரிலும் பெயருக்கு விலை கிடைத்தது. அந்தப் பெயரை ஐம்பது வருடம் சுமந்த கைகளுக்கு என்ன மதிப்பு என்று எழுத எந்தப் பேரேட்டிலும் பத்தி இல்லை.